அலையும் மனத்தை அமர்த்துவது எப்படி? உடல், மூச்சு, கவனம் என்ற வரிசையில் ஒரு முழுமையான வழிகாட்டி

தியானம் கற்க வருகிறவர்களில் பெரும்பாலோர் கடைசிப் படியில்தான் தொடங்குகிறார்கள். வேலை முடிந்து வந்த கையோடு கால்களை மடக்கி உட்கார்ந்து, கண்ணை மூடி, "இனி ஒன்றும் நினைக்கக் கூடாது" என்று முடிவு செய்கிறார்கள். மூன்றாம் நிமிடத்தில் வீட்டுக் கடன், மேலாளர் சொன்ன சொல், மகனின் எஸ்.பி.எம். தேர்வு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. "கண்ணை மூடினால் முன்னைவிட அதிகமாக ஓடுகிறது, மாஸ்டர். எனக்கு இது சரிப்படாது" என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார்கள்.

அவர்களுக்கு நிச்சயம் சரிப்படும். வரிசைதான் பிசகியிருக்கிறது. இறுகிய தாடை, உயர்ந்த தோள்கள், மேல்நெஞ்சோடு நின்றுவிடும் குறுமூச்சு ஆகியவை இருக்கும்வரை, ஆபத்து தீரவில்லை என்ற செய்தியே மூளைக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்த நிலையில் மனத்தை மனத்தாலேயே அடக்க முயன்றால் போராட்டம்தான் வளரும். முதலில் உடல், அடுத்து மூச்சு, கடைசியில் கவனம். பினாங்கில் வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்து வருகிறேன். இந்த வரிசையைத் தாண்டிக் குதித்தவர்கள் நிலைத்ததை நான் பார்த்ததில்லை.

முழுப் பயிற்சிக்கு 40 நிமிடம் ஆகும்: உடலுக்கு 15, சவாசனத்துக்கு (மல்லாந்து படுத்துத் தளர்வதற்கு) 5, மூச்சுக்கு 8, அமர்தலுக்கு 10, வெளியே வர 2. முதல் நாளே எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். எதை எந்த வாரத்தில் சேர்ப்பது என்பதைப் 10-ஆம் பகுதியில் சொல்லியிருக்கிறேன்.

1. முதலில் உடல்நிலையைப் பாருங்கள்

மனம் அலைவதற்கு எப்போதும் மனமே காரணம் என்று எண்ணிவிட வேண்டாம். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் கெடும், எடை குறையும். இரத்தச்சோகையிலும் படபடப்பு வரும். இந்த அறிகுறிகள் இருப்பவர்கள் யோகா பாய் வாங்குவதற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு சுகாதார கிளினிக்கில் மலேசியக் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான் கட்டணம்.

உயர் இரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய் (கிளாக்கோமா), முதுகுத்தண்டு வட்டு விலகல், குடலிறக்கம், வலிப்பு, அண்மையில் நடந்த அறுவைச் சிகிச்சை, கர்ப்பம் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள். யாரும் தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. பயிற்சி பலன் தருகிறது என்ற நம்பிக்கை பிறக்கும் நாள்களில்தான் இந்தத் தவறு அதிகம் நடக்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் நாட்டமில்லை, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் தியானத்தை மட்டும் நம்பியிருக்காதீர்கள். கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். சுகாதார அமைச்சின் ஹீல் உதவிச் சேவையின் எண் 15555. மருத்துவரின் உதவியும் இந்தப் பயிற்சியும் ஒன்றுக்கொன்று தடையில்லை.

2. நேரத்தைக் குறியுங்கள்

இந்தியாவில் அச்சாகும் யோக நூல்களில் விடியற்காலை 4 மணி, 4.30 என்று போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு இங்கே 4 மணிக்கு அலாரம் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரம்ம முகூர்த்தம் என்பது சூரியன் எழுவதற்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம் நீடிக்கும் பொழுது. பினாங்கிலோ ஆண்டு முழுவதும் காலை 7 மணிக்கு மேல்தான் சூரியன் எழுகிறது. ஆகவே நமக்கு அந்தப் பொழுது ஏறத்தாழ 5.30-லிருந்து 6.20 வரை. 4 மணிக்கு எழுந்தால் தூக்கம்தான் குறையும். தூக்கம் குறைந்த மனம் இன்னும் அதிகமாக அலையும்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் 12 மணி நேர ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்குக் காலை, மாலை என்ற கணக்கே பொருந்தாது. இரவு ஷிஃப்ட் முடித்து வீடு திரும்பியதும் முழுப் பயிற்சி செய்ய உட்கார வேண்டாம், உறக்கம் தள்ளிப்போகும். அப்போது நீள்மூச்சு (வெளிமூச்சை நீட்டி விடுவது, 7-ஆம் பகுதி) மட்டும் சிறிது நேரம் விட்டுவிட்டுத் தூங்குங்கள். எழுந்து பல் துலக்கியதும் முழுப் பயிற்சியைச் செய்யுங்கள். அது மாலை 4 மணியாக இருந்தாலும் பரவாயில்லை.

குழந்தைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிடும் அவசரத்தில் காலைப் பொழுது கிடைக்காத வீடுகளில், மாலை விளக்கேற்றிய பின் செய்வது நன்றாக நிலைக்கிறது. அன்றாடம் எப்படியும் செய்யும் ஒரு செயலின் பின்னால் பயிற்சியைக் கட்டிவைத்தால், "இன்று செய்யலாமா, வேண்டாமா" என்று மனம் பேரம் பேச இடமிருக்காது.

3. இடம், வயிறு, இருக்கை

பாய் விரிக்கும் அளவு இடம் போதும். நம் வீடுகளில் பெரும்பாலும் தரையோடுகள்தான். இந்த ஊர் வியர்வையில் பாயும் கையும் வழுக்கும். யோகா பாயின்மேல் ஒரு பருத்தித் துண்டை விரித்துக்கொள்ளுங்கள். மின்விசிறி ஓடட்டும், ஆனால் காற்று நேராக முகத்தில் அடிக்க வேண்டாம். ஏர்கண்டிஷனைக் குளிர வைத்துவிட்டுச் செய்தால் தசைகள் இளகுவதற்குப் பதில் இறுகும்.

டிங்கிக் கொசு காலையிலும் அந்தி நேரத்திலும்தான் அதிகம் கடிக்கும். சன்னலுக்கு வலை இல்லையென்றால் முழுக்கைச் சட்டையும் நீளக் கால்சட்டையும் அணியுங்கள். கொசுவர்த்தியைப் பக்கத்தில் ஏற்றிவைத்துக்கொண்டு மூச்சுப் பயிற்சி செய்வதைப் பலர் கவனிப்பதே இல்லை. பயிற்சிக்கு முன்பே அதை அணைத்து, அறையைக் காற்றாட விடுங்கள்.

சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வரும் மாதங்களில் காற்று மாசுக் குறியீட்டைப் பாருங்கள். அது 100-ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை. அன்று பூங்காவில் பயிற்சி வேண்டாம். வீட்டுக்குள் சன்னலைச் சாத்திவிட்டு உடல் பயிற்சியை மெதுவாகச் செய்து, மூச்சைக் கவனிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

யூத் பார்க்கும் தாவரவியல் பூங்காவும் நடப்பதற்கும் கைகால்களை அசைப்பதற்கும் அருமையான இடங்கள். தொடக்க நிலையில் கண்ணை மூடி அமர்வதற்கு அவை உதவா. தாவரவியல் பூங்காவின் குரங்குகள் பையைத் தேடி வரும். பாதிக் கவனம் பைமேல்தான் இருக்கும். வீட்டில் ஒரே மூலை, ஒரே பாய், ஒரே திசை. இடம் பழகப் பழக, அங்கே அமர்ந்ததுமே உடல் தானாகத் தளரத் தொடங்கும்.

நாசி லெமாக், ரொட்டி சானாய் போன்ற கனமான உணவு சாப்பிட்டால் 3 மணி நேரம் இடைவெளி விடுங்கள். வயிறு நிறைந்திருந்தால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானம் என்ற தசை கீழே இறங்க இடமிருக்காது, ஆழ்ந்த மூச்சும் வராது. கோப்பியிலும் தே தாரிக்கிலும் உள்ள காஃபினில் பாதி கழியவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்கு மாமாக் கடையில் கோப்பி குடித்துவிட்டு இரவு 9 மணிக்கு "மனம் அடங்கவில்லை" என்று வருந்துவதில் பொருளில்லை. நண்பகலுக்குப் பிறகு இரண்டையும் நிறுத்திப் பாருங்கள். சிலருக்கு இது ஒன்றே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறது.

தலையணை ஒன்று, மடித்த கம்பளி ஒன்று, கைப்பிடியில்லாத நாற்காலி ஒன்று தயாராக இருக்கட்டும். கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, மெல்லிய மணியோசையை நேரக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். நேரம் என்ன ஆயிற்று என்று பார்க்கக் கண்ணைத் திறப்பவர்களால் அமரவே முடியாது.

4. தாளில் இறக்கி வையுங்கள்

பாயில் ஏறுவதற்கு முன் ஒரு தாளில், மனத்தில் சுற்றிக்கொண்டிருப்பதை வார்த்தை வார்த்தையாக எழுதுங்கள். மின்கட்டணம், அம்மாவின் மருத்துவமனைத் தேதி, நாளை அனுப்ப வேண்டிய கோப்பு. வாக்கியம் வேண்டாம், தீர்வும் வேண்டாம். இரண்டு நிமிடம் போதும்.

முடியாத வேலைகளை மறந்துவிடக் கூடாதே என்றுதான் மனம் திரும்பத் திரும்ப எழுப்புகிறது. எழுதி வைத்தபின் அந்தக் காவல் தேவையில்லை. எழுதிய தாளை மடித்து அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். இதை அற்பமான வேலையென்று ஒதுக்குகிறவர்களுக்குத்தான் அமரும்போது பட்டியல் வந்து நிற்கிறது.

5. உடல்: 15 நிமிடம்

படபடப்போடு இருப்பவரை எடுத்த எடுப்பில் மெதுவான ஆசனத்தில் நிறுத்தினால் தாங்க மாட்டார். உடலில் ஏறியிருக்கும் வேகத்தை முதலில் செலவழிக்க வேண்டும். பிறகுதான் மெதுவாக இறங்க வேண்டும். ஆகவே நின்று தொடங்கி, தவழும் நிலைக்கு வந்து, படுத்து முடிக்கிறோம். எல்லா அசைவுக்கும் ஒரே விதி: மூக்கால் மூச்சு, உடல் மேலெழும்போது உள்மூச்சு, கீழிறங்கும்போதும் மடங்கும்போதும் வெளிமூச்சு.

நின்ற இடத்திலேயே 2 நிமிடம் நடங்கள், முழங்காலை இடுப்பு வரை உயர்த்தி. பிறகு தோள்களைப் பின்னோக்கிப் பத்து முறை சுழற்றுங்கள். கணினிமுன் உட்காருகிறவர்களுக்கும் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்கும் இறுக்கம் சேருவது இங்கேதான்.

தாடாசனம். பாதங்கள் இடுப்பகலம், எடை இரண்டு பாதங்களிலும் சமம். உள்மூச்சோடு இரு கைகளையும் பக்கவாட்டில் உயர்த்தித் தலைக்குமேல் கொண்டு செல்லுங்கள், வெளிமூச்சோடு இறக்குங்கள். எட்டு முறை. கை இறங்கும் நேரம் ஏறும் நேரத்தைவிடச் சற்று நீளமாக இருக்கட்டும். பின்னால் வரும் நீள்மூச்சை உடல் இங்கேயே கற்கத் தொடங்குகிறது.

பாதி முன்வளைவு. முழங்காலைச் சற்று மடக்கி, உள்ளங்கைகளை நாற்காலியின்மேல் ஊன்றி, முதுகை நீட்டுங்கள். ஐந்து மூச்சு. தரையைத் தொட்டே ஆக வேண்டும் என்று குனிகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். மூச்சு நின்றுவிட்டால் அந்த ஆசனத்தால் மனத்துக்குப் பயனில்லை. தரையைத் தொடுவது நம் வேலையே இல்லை.

பூனை நீட்சி. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, உள்மூச்சில் நெஞ்சைத் திறந்து முதுகைத் தாழ்த்துங்கள். வெளிமூச்சில் முதுகை வளைத்து உயர்த்தித் தலையைத் தொங்கவிடுங்கள். பத்து முறை. நேரமில்லாத நாளில் ஒன்றே ஒன்று செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். மூச்சும் அசைவும் இணைவதை இதைப்போல் எளிதாக வேறெதுவும் கற்றுத்தராது. மணிக்கட்டு வலித்தால் கைமுட்டியை மூடி ஊன்றலாம்.

புஜங்காசனம். குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்து, தொப்புள் தரையில் இருக்கும்படி நெஞ்சை மட்டும் உயர்த்துங்கள். மூன்று முறை, ஒவ்வொன்றிலும் மூன்று மூச்சு. தோள் காதை நோக்கி ஏறினால் அதிகம் உயர்ந்துவிட்டீர்கள், சற்று இறங்குங்கள். கர்ப்பிணிகளும் குடலிறக்கம் உள்ளவர்களும் இதை விட்டுவிடுங்கள்.

பாலாசனம். குதிகால்களின்மேல் அமர்ந்து முன்குனிந்து, நெற்றியைத் தரையிலோ தலையணையிலோ வையுங்கள். பத்து மூச்சு. முதுகுப்பக்க விலா எலும்புகள் விரிவதைக் கவனியுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் அமர்ந்து, மேசைமேல் கைகளை மடித்து நெற்றியை வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, மல்லாந்து படுத்துக் கால்களைச் சுவரில் சாய்த்து உயர்த்தி 3 நிமிடம். நாள் முழுவதும் நின்று வேலை செய்கிறவர்களுக்கு இது பெரும் ஆறுதல். கட்டுக்குள் வராத இரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ இருந்தால் இது வேண்டாம். கெண்டைக்கால்களை நாற்காலி இருக்கைமேல் வைத்துப் படுத்தால் போதும். அவர்கள் பாலாசனத்திலும் தலையைத் தரைவரை இறக்காமல் மேசையையே பயன்படுத்த வேண்டும்.

6. சவாசனம்: 5 நிமிடம்

உடற்பயிற்சி முடிந்துவிட்டது என்று இதைத் தாண்டி ஓடுகிறவர்கள் அதிகம். உடல் இங்கேதான் இறுக்கத்தை முழுவதுமாக விடுகிறது. இதைத் தவிர்த்துவிட்டு நேராக மூச்சுப் பயிற்சிக்குப் போனால், வேகம் அடங்காத மூச்சைக் கட்டாயப்படுத்த வேண்டியிருக்கும்.

மல்லாந்து படுத்து, முழங்கால்களுக்குக் கீழே தலையணை வையுங்கள். இடுப்பு தரையில் படிந்து ஓய்வெடுக்கும். உள்ளங்கைகள் மேல்நோக்கி. பாதத்திலிருந்து தொடங்கிக் கால், இடுப்பு, வயிறு, நெஞ்சு, கைகள், கழுத்து என்று ஒவ்வோர் இடமாகக் கவனத்தை நகர்த்துங்கள். முகத்துக்கு அதிக நேரம் கொடுங்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடாதிருக்கட்டும். நாக்கு தளர்ந்து கிடக்கட்டும். புருவங்களுக்கு நடுவே உள்ள சுருக்கம் விரியட்டும். கவலைப்படுகிறவர் தாடையில்தான் அதைச் சேமித்துவைக்கிறார்.

தூங்கிவிட்டால் அன்று உங்களுக்குத் தூக்கம்தான் தேவைப்பட்டது. நாள்தோறும் தூங்கினால் இரவுத் தூக்கத்தை நீட்டிக்க வழி தேடுங்கள். கர்ப்பத்தின் பின்மாதங்களில் மல்லாந்து படுக்காமல் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். எழும்போது எல்லோரும் பக்கவாட்டில் திரும்பி, சில மூச்சு அங்கேயே இருந்து, கையை ஊன்றி எழுங்கள். சட்டென நிமிர்ந்தால் தலை சுற்றும்.

7. மூச்சு: 8 நிமிடம்

உள்மூச்சின்போது இதயத்துடிப்பு சற்று விரைகிறது. வெளிமூச்சின்போது சற்று மெதுவாகிறது. மூளையிலிருந்து நெஞ்சு வழியாக வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பு வெளிமூச்சின்போது இதயத்தை இப்படித் தணிக்கிறது. இதயத்துடிப்பை நேரடியாகக் குறைக்க நம்மால் முடியாது. வெளிமூச்சை நீட்ட முடியும். இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாம் இந்த ஒரு கதவின் வழியாகத்தான் உள்ளே போகின்றன.

முதலில் 2 நிமிடம், வெறும் கவனிப்பு. நிமிர்ந்து அமர்ந்து ஒரு கையை நெஞ்சிலும் மற்றொன்றை வயிற்றிலும் வையுங்கள். எது முதலில் அசைகிறது? பெரும்பாலோருக்கு நெஞ்சுதான். எதையும் மாற்றாமல் பார்த்துக்கொண்டிருந்தாலே சிறிது நேரத்தில் வயிறு அசையத் தொடங்கும். வயிற்றை வலிந்து தள்ள வேண்டாம்.

அடுத்த 3 நிமிடம் நீள்மூச்சு. மூன்று எண்ணும்வரை உள்ளே, நான்கு எண்ணும்வரை வெளியே. இது இயல்பாக வந்தபின் நான்குக்கு ஆறு. ஒரு சுற்றுக்கு 10 விநாடி, நிமிடத்துக்கு 6 மூச்சு என்று கணக்கு வரும். அதற்குமேல் நீட்டத் தேவையில்லை. வெளிமூச்சின் முடிவில் அடுத்த மூச்சுக்காக வாய் திறந்து தவித்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். மூச்சுக்கு ஏங்கும் உடல் அமைதியடையாது.

கடைசி 3 நிமிடம் நாடிசுத்தி. வலக்கையின் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்குங்கள். கட்டைவிரலால் வலமூக்கை மூடி இடப்பக்கம் உள்ளே இழுங்கள். மோதிர விரலால் இடமூக்கை மூடி வலப்பக்கம் விடுங்கள். வலப்பக்கமே உள்ளே இழுத்து, அதை மூடி, இடப்பக்கம் விடுங்கள். இது ஒரு சுற்று. கைவிரல்களுக்கும் மூச்சுக்கும் சேர்த்து வேலை இருப்பதால் மனம் விலகிப்போக நேரமிருக்காது. மூச்சை உள்ளே அடக்கும் கும்பகத்தைத் தொடக்கநிலையில் யாரும் செய்ய வேண்டாம். மூக்கடைப்பு உள்ள நாளில் நாடிசுத்தியை விட்டுவிட்டு, வெளிமூச்சில் வண்டின் ரீங்காரம்போல் முனகும் பிராமரியை ஐந்து முறை செய்யலாம்.

இங்கே நடக்கும் பெரிய தவறு பெரிய மூச்சு. "ஆழமாக" என்று சொன்னவுடன் நெஞ்சை நிரப்பி ஓசையோடு இழுக்கிறார்கள். மிகையாக மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல்நுனி மதமதக்கும், தலை கிறுகிறுக்கும். அதைச் சக்தி ஏறுவதாக எண்ணித் தொடர வேண்டாம். கையை இறக்கி, இயல்பான மூச்சுக்குத் திரும்புங்கள். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத அளவு மெல்லிய மூச்சுதான் சரியான மூச்சு.

கபாலபாதியும் பஸ்திரிகாவும் உடலைக் கிளர்த்தும் வேக மூச்சுப் பயிற்சிகள். சோம்பலுக்கு அவற்றால் பயன் உண்டு. படபடப்புக்கு அவை எதிரானவை. இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அவற்றின் பக்கமே போக வேண்டாம்.

8. அமர்தல்: 10 நிமிடம்

இடுப்பு முழங்கால்களைவிட உயரமாக இருக்க வேண்டும். அது ஒன்றைச் சரிசெய்தால் முதுகு தானாக நிமிரும். தலையணையின் முன்விளிம்பில் அமர்ந்து கால்களைச் சாதாரணமாக மடக்குங்கள். பத்மாசனம் தேவையில்லை. முழங்கால் வலிப்பவர்கள் நாற்காலியின் முன்பாதியில், பாதங்கள் தரையில் படும்படி அமருங்கள். வலியோடு அமர்ந்தால் பத்து நிமிடமும் வலியைத்தான் தியானிப்பீர்கள்.

கவனத்துக்கு ஒரே ஒரு பற்றுக்கோடு. மூக்கு நுனியில் மூச்சு உரசும் இடமாகவோ வயிறு எழுந்து தாழ்வதாகவோ இருக்கலாம். வெளிமூச்சுக்கு ஓர் எண்ணாக ஒன்று முதல் பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். இறைநம்பிக்கை உள்ளவர்களுக்கு எண்ணைவிட நாமம் எளிது. "ஓம் சரவணபவ" அல்லது "ஓம் நமசிவாய" என்பதை வெளிமூச்சோடு மனத்துக்குள் சொல்லுங்கள். சிறு வயதிலிருந்தே தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறி அந்த நாமத்தைச் சொல்லிப் பழகியவர்களுக்கு அது உடனே பிடிபடுகிறது. எதைத் தேர்ந்தாலும் ஒரு மாதத்துக்கு மாற்றாதீர்கள்.

எண்ணம் வரும். அதை வரவிடாமல் தடுப்பது உங்கள் வேலையில்லை. நான்கில் இருந்த எண்ணிக்கை எங்கோ காணாமற்போய், நீங்கள் மச்சான் வீட்டுத் திருமணச் செலவைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு கணத்தில் தெரியவரும். அப்படித் தெரிந்த அந்தக் கணம்தான் பயிற்சி. "கவலை", "திட்டம்", "நினைவு" என்று அதற்கு ஒரு சொல்லில் பெயரிட்டு, ஒன்றிலிருந்து மறுபடி எண்ணுங்கள். பத்து நிமிடத்தில் ஐம்பது முறை விலகி ஐம்பது முறை திரும்பியவர் நன்றாகப் பயிற்சி செய்திருக்கிறார். இதை நான் சொல்லும்போது பலர் நம்புவதில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். திரும்பி வரும் திறனைத்தான் வளர்க்கிறோம். விலகாமல் அதை வளர்க்க வழியே இல்லை.

பள்ளிவாசலின் பாங்கு, கீழ்வீட்டு மோட்டார் சைக்கிள், மேல்மாடியில் நாற்காலி இழுக்கும் ஓசை எல்லாம் கேட்கும். "ஓசை" என்று குறித்துவிட்டுத் திரும்புங்கள். அரித்தால் உடனே சொறியாமல் மூன்று மூச்சு பொறுங்கள். அதற்குப் பின்னும் இருந்தால் மெதுவாகச் சொறியலாம். கால் மரத்தால் மாற்றிப் போடுங்கள்.

அழுகை வரலாம். நீண்ட நாள் இறுக்கிவைத்தது இளகும்போது அப்படி ஆவதுண்டு. கண்ணீரைத் துடைக்காமல் மூச்சோடு இருந்தால் அடங்கிவிடும். ஆனால் பழைய விபத்தோ அடியோ மரணமோ கண்முன் திரும்பத் திரும்ப வந்து அச்சம் ஏறினால், கண்ணைத் திறந்து, பாதங்களைத் தரையில் அழுத்தி, அறையிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயர் சொல்லுங்கள். அன்று தியானத்தை அதோடு நிறுத்துங்கள். இது தொடர்ந்தால் உளவியல் ஆலோசகரைப் பார்த்தபின் தொடருங்கள். அதுவரை ஐந்தாம் பகுதி மட்டும் போதும்.

9. வெளியே வருதல்: 2 நிமிடம்

மணி ஒலித்ததும் துள்ளி எழாதீர்கள். மூச்சைச் சற்று ஆழமாக்கி, விரல்களை அசைத்து, உள்ளங்கைகளைத் தேய்த்துக் கண்களின்மேல் வைத்து, தரையைப் பார்த்துக் கண்ணைத் திறவுங்கள். அடுத்த பத்து நிமிடம் கைப்பேசியைத் தொடாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் காத்திருக்கும் செய்திகள் படபடப்பை மறுபடி ஏற்றிவிடும். தண்ணீர் குடியுங்கள், செடிக்கு நீர் விடுங்கள், இல்லையென்றால் அமைதியாகக் குளியுங்கள்.

10. எதை எந்த வாரத்தில் சேர்ப்பது

முதல் வாரம் உடலும் சவாசனமும் மட்டும். இரண்டாம் வாரம் மூச்சைக் கவனிப்பதையும் மூன்றுக்கு நான்கு நீள்மூச்சையும் சேர்க்கலாம். மூன்றாம் வாரம் நாடிசுத்தி, அதன்பின் 3 நிமிடம் அமர்தல். நான்காம் வாரம் அமர்தலை 5 நிமிடமாக்குங்கள். 10 நிமிடத்துக்கு வருவதற்கு இரண்டு மாதம் ஆனாலும் அவசரமில்லை.

நேரமில்லாத நாளில் ஒரு பகுதியை முழுதாக வெட்டாமல், எல்லாவற்றையும் சுருக்குங்கள்: பூனை நீட்சி 3 நிமிடம், படுத்தல் 2, நீள்மூச்சு 3, அமர்தல் 2. வரிசை கெடாமல் பத்து நிமிடத்தில் முடியும்.

11. புதியவர்கள் தடுமாறும் இடங்கள்

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் செய்துவிட்டு மற்ற நாளெல்லாம் விட்டுவிடுவது. நரம்பு மண்டலம் அடிக்கடி செய்வதைத்தான் பழக்கமாக்கிக்கொள்கிறது. நாளுக்குப் பத்து நிமிடம் இதைவிடப் பலமடங்கு மேல்.

யூடியூபில் வாரம் ஒரு முறையைப் பிடிப்பது. புது முறையில் முதல் இரண்டு நாள் ஆர்வம் இருப்பதால் மனம் அடங்கியதுபோல் தெரியும். ஆர்வம் தீர்ந்ததும் பழைய அலைச்சல் திரும்பும். அப்போது முறையைக் குறை சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். சலிப்பு வரும் இடத்தில்தான் பயிற்சி வேர் பிடிக்கிறது. அதைத் தாண்டும்வரை மாற்றாதீர்கள்.

ஒவ்வொரு முறையும் "அமைதி வந்ததா?" என்று அளப்பது. அளக்கும் மனம் அமராது. பலனைப் பாயில் தேட வேண்டாம், வீட்டில் தேடுங்கள். பிள்ளை தட்டைக் கீழே போட்டபோது வாயிலிருந்து சொல் வருமுன் ஒரு மூச்சு இடைவெளி கிடைத்ததா என்று பாருங்கள். மாற்றத்தை முதலில் கவனிப்பது பெரும்பாலும் கணவனோ மனைவியோதான்.

12. பாயை விட்டு எழுந்தபின்

பினாங்குப் பாலத்தில் கார்கள் அசையாமல் நிற்கும்போது, கண்ணைத் திறந்தபடியே, ஸ்டீயரிங்கில் இருக்கும் பிடியைத் தளர்த்தி, வெளிமூச்சை மட்டும் நீட்டுங்கள். வாகனம் ஓட்டும்போது நாடிசுத்தியும் வேண்டாம், கண்மூடலும் வேண்டாம். பட்டர்வொர்த் ஃபெரிப் படகில் நின்றோ அமர்ந்தோ போகிறவர்களுக்குக் கரை சேரும்வரை நேரமிருக்கிறது. கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு நாமத்தையோ எண்ணையோ எடுத்துக்கொள்ளலாம்.

இரவு 3 மணிக்கு விழிப்பு வந்து எண்ணங்கள் ஓடத் தொடங்கினால், மணி பார்க்க வேண்டாம். பார்த்ததும் எஞ்சிய தூக்கத்தை மனம் கணக்கிடத் தொடங்கிவிடும். படுத்தபடியே பல்லை விலக்கி, நாக்கைத் தளர்த்தி, நான்குக்கு ஆறு மூச்சு விடுங்கள். நெடுநேரம் ஆகியும் உறக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கிய விளக்கில் பூனை நீட்சியைச் சிறிது நேரம் செய்துவிட்டு வந்து படுங்கள். புரண்டுகொண்டே இருந்தால் கட்டில் கவலைக்குரிய இடமாகப் பழகிவிடும்.

13. ஆசிரியரைத் தேடினால்

எழுத்தைப் படித்துச் செய்வதைவிட, தவறைப் பக்கத்திலிருந்து பார்த்துத் திருத்தும் ஒருவர் கிடைத்தால் நல்லது. கோயில் மண்டபங்களிலும் தாமான் (குடியிருப்புப் பகுதி) மண்டபங்களிலும் நடக்கும் சிறு வகுப்புகளை விசாரியுங்கள். சேரும்முன் ஒரு நாள் ஓரமாக அமர்ந்து பாருங்கள். சவாசனத்துக்கு நேரம் கொடுக்கிறாரா? முடியாதவருக்கு மாற்று நிலை சொல்கிறாரா? தொடும்முன் அனுமதி கேட்கிறாரா? முதல் நாளில் உங்கள் நோய், மருந்து பற்றிக் கேட்காமலே கபாலபாதி சொல்லித்தருகிறவரிடமும், மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவரிடமும் சேராதீர்கள்.